தலைக்குள் நீர் அழுத்தம்: எடையைக் குறைத்து இறக்குவது எப்படி, எந்த வரிசையில்

மூன்று வருடத்துக்கு முன் என் உயரம் 154 செ.மீ., எடை 86 கிலோ. முதுகில் ஊசி போட்டுப் பார்த்தபோது தலைக்குள் அழுத்தம் 34 செ.மீ. நீரளவு; 25ஐத் தொட்டாலே அதிகம். இப்போது எடை 72. கண் நரம்பு வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரையும் நின்றுவிட்டது. அதன்பிறகு புதுச்சேரியில் முத்தியால்பேட்டையிலும் பாகூரிலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் இதே நோய் வந்த பெண்கள் ஆறேழு பேர், யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். அந்த இடங்களை வரிசைப்படி கீழே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் நரம்பியல் டாக்டரும் கண் டாக்டரும்தான்.

நோயின் பெயர் இடியோபதிக் இன்ட்ராகிரேனியல் ஹைபர்டென்ஷன். சீட்டில் ஐ.ஐ.எச். என்று எழுதுவார்கள். கட்டி இல்லை, ரத்தக்கட்டு இல்லை, ஆனாலும் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறிவிடுகிறது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும், உடல் பருத்த பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வீட்டில் ‘பிரஷர்’ என்று சொன்னதும் பி.பி. என்று நினைத்துக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு. பி.பி. மாத்திரை இதற்கு மருந்தில்லை. முதல் நாளே வீட்டாருக்கு இதைப் புரியவைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. முதலில் கண், அப்புறம்தான் தராசு

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘எடை குறைத்தால் சரியாகும்’ என்று கேட்டவுடன் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு ஜிம்மில் சேருகிறார்கள். எடை குறைய மாதங்கள் ஆகும். பார்வை நரம்பு அதுவரை காத்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சிலருக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் பார்வை சரிந்துவிடுகிறது. அவர்களுக்கு நரம்பு உறையில் துளையிடுவதோ நீரை வடிக்கும் குழாய் வைப்பதோ உடனே தேவைப்படும். எடை குறைப்பது அப்போதும் உண்டு, ஆனால் பின்னால்தான்.

ஆகவே தொடங்கும் முன் இவை முடிந்திருக்க வேண்டும்: கண்ணின் பின்புறத்தைப் பார்த்து நரம்பு வீக்கம் எவ்வளவு என்று குறித்தல், பார்வைப் பரப்பு சோதனை, கண்ணின் பின்புறத்தை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. படம். மூளைக்கு எம்.ஆர்.ஐ., கூடவே சிரை ரத்தக்குழாய்களுக்கான எம்.ஆர். வெனோகிராம். இரண்டாவதை யாராவது ‘தேவையில்லை’ என்றால் ஏன் என்று கேளுங்கள். சிரையில் ரத்தம் உறைந்தாலும் இதே தலைவலியும் இதே வீக்கமும் வரும், ஆனால் அதற்கு மருத்துவம் வேறு. இவை முடிந்த பிறகுதான் முதுகு ஊசி.

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரிலும், கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் கண்ணைப் பார்க்கலாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். ஸ்கூட்டரில் தனியாகப் போகாதீர்கள். நான் ஒருமுறை அப்படிப் போய், சாலையோரப் புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பார்வைப் பரப்பு சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் தடவை எல்லோருமே சொதப்புவோம். வெளிச்சத்தைத் தேடிக் கண் ஓடும், தூக்கம் வரும், பதற்றத்தில் இல்லாத வெளிச்சத்துக்கும் விரல் அழுத்தும். அந்தத் தாளில் கறுப்பைப் பார்த்து அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதல் தாள் சரியாக வரவில்லை என்று தோன்றினால் இன்னொரு நாள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் வரும் தாள்களை எல்லாம் அதனோடுதான் ஒப்பிடப் போகிறார்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஃபைல். அதில் முதுகு ஊசியின்போது எடுத்த அழுத்த எண் எழுத்தில் இருக்க வேண்டும். ‘ஜாஸ்தியா இருந்துச்சு’ என்பது போதாது. ஒருக்களித்துப் படுத்த நிலையில் 25 செ.மீ. நீரளவோ அதற்கு மேலோ இருந்தால் அது அதிகம் என்று கொள்கிறார்கள். முதுகு ஊசி போட்டால் இடுப்பு விழுந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு நடந்தது இரண்டு நாள் தலைவலி, எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அவ்வளவுதான்.

அடுத்து, கடந்த ஓராண்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பட்டியல். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின், டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியவை இந்த அழுத்தத்தைத் தூண்டக்கூடியவை. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டை விடும்போதும் வரலாம். தோல் டாக்டர் கொடுத்ததை நரம்பு டாக்டரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. காரணம் மாத்திரை என்றால் அதை நிறுத்தாமல் எடையை மட்டும் குறைத்துக்கொண்டிருப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி.

வைட்டமின் ஏ மிகுந்தாலும் இதே கதைதான். நம் வீடுகளில் கண்ணுக்கு ஏதாவது என்றால் உடனே ஆட்டு ஈரல் வாங்கி வந்து வறுத்துவிடுவார்கள், மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கித் தருவார்கள். பாசம்தான். ஆனால் இரண்டிலும் வைட்டமின் ஏ உண்டு. டாக்டர் சொல்லும் வரை இரண்டையும் தள்ளி வையுங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், ரத்தசோகையும் இந்த நோயோடு சேர்ந்து வருவதுண்டு. பலமாகக் குறட்டை விடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இந்த அழுத்தத்தோடு தொடர்புள்ளது.

பொருளாக வாங்க வேண்டியவை இரண்டு: உடம்பு எடை பார்க்கும் மின்னணுத் தராசு, சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு.

3. இலக்கைக் கிலோவில் வைக்காதீர்கள், சதவீதத்தில் வையுங்கள்

‘எத்தனை கிலோ குறைக்கணும் அக்கா?’ இதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. 65 கிலோக்காரருக்கு 10 கிலோ மிக அதிகம், 110 கிலோக்காரருக்கு அது தொடக்கம்தான். உங்கள் எடையில் எத்தனை பங்கு என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

5 சதவீதம் குறைந்ததிலேயே சிலருக்குத் தலைவலி இளகுகிறது. 15 சதவீதம் வரை குறைத்தால் நோய் அடங்க நல்ல வாய்ப்பு என்று 2018இல் வந்த பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அழுத்தம் முழுக்க இயல்புக்கு வர 24 சதவீதம் அளவுக்குக் குறைய வேண்டியிருந்தது என்று, எடைக்குறைப்பு அறுவைசிகிச்சையையும் உணவுத் திட்டத்தையும் ஒப்பிட்ட இன்னொரு பிரிட்டிஷ் ஆய்விலிருந்து தெரிந்தது. அதில் 66 பெண்கள் இருந்தார்கள், முடிவு 2021இல் வந்தது.

எனக்கு 5 என்றால் 4.3 கிலோ, 15 என்றால் 13 கிலோ. 24 என்றால் 20 கிலோவுக்கு மேல். இந்த மூன்றையும் காலண்டர் பின்பக்கம் எழுதி ஒட்டினேன். மூன்று படி. முதல் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பயன். 20 கிலோ என்று ஒரே எண்ணாக எழுதியவர்கள் இரண்டாம் மாதமே காலண்டரைத் திருப்பி மாட்டிவிட்டார்கள்.

வேகம், வாரத்துக்கு அரை கிலோ. 2010இல் வந்த ஒரு ஆய்வில் 25 பெண்கள் நாளுக்கு 425 கலோரி மட்டும் எடுத்து, மூன்று மாதத்தில் சராசரியாக 15 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். அவர்களின் அழுத்தம் சராசரியாக 8 செ.மீ. இறங்கியது. இதைப் படித்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரோடு நாளைக் கடத்திய பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். பத்தாம் நாள் பாத்ரூமில் மயங்கி விழுந்தாள். அந்த ஆய்வு டாக்டர்களின் கண்காணிப்பில், சத்து கணக்கிட்ட பானங்களைக் கொடுத்து நடந்தது. வீட்டில் செய்கிற காரியமில்லை.

4. முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள், அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, நான் உட்பட. முதல் நாளே சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்குப் போவோம். எங்கே கூடுகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது?

நான் அளந்த முதல் மதியம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தட்டைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினேன். வழக்கம்போல் சோறு போட்டேன், மலை மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான். 310 கிராம். சாம்பாரோடு சாப்பிட்டேன். ரசத்துக்கு மறுபடி போட்டது 110. மோருக்கு 60. அத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னம்மா, நகைக்கடை வச்சிருக்கியா?” என்று கேட்டார். கூட்டினால் 480 கிராம். வடித்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக 620 கலோரிக்கும் மேல் வெறும் சோற்றில் மட்டும், ஒரே வேளையில். ‘நான் ஒரு கரண்டிதானே சாப்பிடறேன்’ என்று அதுவரை டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், பொய் சொல்கிறேன் என்று தெரியாமலே.

எண்ணெய்க்கு வேறு வழி. ஒரு லிட்டர் பாட்டிலைத் திறக்கும் நாளை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள், தீரும் நாளையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் போனது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. தாளிக்கும்போது யாரும் கரண்டியால் அளப்பதில்லை, பாட்டிலைச் சாய்ப்பதோடு சரி.

டீயையும் விடாதீர்கள். நான் ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, வீட்டில் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை மட்டும் நாளுக்கு 160 கலோரி.

5. எதை முதலில் குறைப்பது

பசியைத் தூண்டாதவற்றிலிருந்து தொடங்குங்கள். அதனால்தான் இந்த வரிசை.

முதலில் சர்க்கரையும் குளிர்பானமும். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். அடுத்தது எண்ணெய். பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் ஊற்றினாலே எங்கள் வீட்டில் மாதம் இரண்டு லிட்டருக்கு இறங்கியது, குழம்பின் ருசி மாறியதாக யாரும் சொல்லவில்லை. மூன்றாவது, இரவுச் சாப்பாடு. புதுச்சேரியில் சாயங்காலம் ஆனால் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்காத தெரு எது? ஒரு பரோட்டாவின் கலோரியில் நாலைந்து இட்லி வந்துவிடும்.

சோற்றில் கை வைப்பது நான்காவதாகத்தான். அதுவும் முதலில் காயையும் மீனையும் கூட்டிவிட்டு. சோற்றை மட்டும் குறைத்தால் மூன்று மணிக்கே பசிக்கும், பசித்தால் மிக்சர் டப்பாவைக் கை தேடும். நான் மதியத்துக்கு 480லிருந்து 200 கிராமுக்கு வந்தேன். கீரையோ, அவரைக்காயோ, சுரைக்காயோ சோற்றைவிட அதிகமாகத் தட்டில் இருக்கும்.

மீன் விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை உண்டு. மத்தியும் கானாங்கெளுத்தியும் மலிவாகவே கிடைக்கின்றன. குழம்பாக வையுங்கள், பொரிக்காதீர்கள். சைவமாக இருந்தால் சுண்டல், பயறு, மோர். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 75 கலோரிக்கு அருகில். புரதம் போதாமல் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் போகும், கூடவே முடியும் கொட்டும்.

பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வரி: முந்திரி ஒரு கைப்பிடி 30 கிராம், 165 கலோரிக்குக் குறையாது. கல்யாண வீட்டுக்குப் போய் வந்த பையில் அரை கிலோ இருக்கும். அதை டிவி முன்னால் வைக்காதீர்கள்.

6. உப்பு

2014இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 165 பேருக்கும் கலோரியோடு உப்பையும் குறைத்த உணவைத்தான் கொடுத்தார்கள். நான் வைத்துக்கொண்ட அளவு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, எல்லாம் சேர்த்து. குழம்பில் போடுகிற உப்பைவிட நம்மைக் கவிழ்ப்பது கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். நான் கருவாட்டை மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன். முழுக்க விட முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். ‘மூளையில் நீர்’ என்று கேட்டதும் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியவர்கள் இருவர். குடிக்கிற தண்ணீர் நேராக மூளைக்குப் போவதில்லை. அந்த நீரை உடம்பு தினமும் அரை லிட்டர் அளவுக்குத் தானே சுரந்து, தானே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் குறைந்தால் அடுத்துச் சொல்லப்போகும் மாத்திரையால் சிறுநீரகக் கல் வரலாம்.

7. மாத்திரையும் உணவும் சேர்ந்துதான்

பெரும்பாலோருக்குக் கொடுப்பது அசிட்டசோலமைடு, கடையில் டையமாக்ஸ் என்று கிடைப்பது. நீர் சுரப்பதைக் குறைக்கிறது. எடை இறங்கும் வரை கண்ணைக் காத்துக்கொள்ள அது. விரலும் உதடும் மரத்து ஊசி குத்துவது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோர்வாக இருக்கும். சோடா குடித்தால் துருப்பிடித்த ஆணியை நக்கியது மாதிரி. எனக்குக் குளிர்பானம் விட்டுப்போனதற்கு மனஉறுதி காரணமில்லை, அந்த ருசிதான்.

நிறைய பேர் மரத்துப்போவதைப் பார்த்து ‘வாதம் வந்துவிட்டது’ என்று பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கல் ஏற்கெனவே இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். குழந்தை எதிர்பார்ப்பவர்களும் அப்படியே. முக்கியமாக, இதே நோய்க்குச் சிலருக்குத் தரும் டோபிராமேட் என்ற மாத்திரையைக் கொடுத்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது கருவுக்குக் கெடுதல், கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கக்கூடும்.

தலைவலிக்குத் தினமும் வலிமாத்திரை போடுவது இன்னொரு குழி. எனக்கு முதலில் சைனஸ் என்று சொல்லி, பிறகு ஒற்றைத் தலைவலி என்று சொல்லி, ஐந்து மாதம் வலிமாத்திரை கொடுத்தார் ஒரு டாக்டர். அப்புறம் அழுத்தம் இறங்கியபின்னும் தலைவலி விடவில்லை. அளவுக்கு மீறிப் போட்ட வலிமாத்திரையே தலைவலியாகி நின்றது. அதை விட ஆறு வாரம் பிடித்தது.

8. நடை

கடற்கரைச் சாலையில் காலையில் வண்டி விடுவதில்லை. டூப்ளே சிலையில் தொடங்கி வடக்குக் கோடி வரை போய்த் திரும்பினால் எனக்கு அரை மணி. கடலூர்க்காரர்களுக்கு வெள்ளி கடற்கரை இருக்கிறது, ஆனால் மணலில் நடக்காமல் சாலையில் நடங்கள், முட்டி தாங்காது.

முதல் மாதங்களில் குனிவதும் முக்குவதும் கூடாது. குனிந்தால் சில நொடி கண் இருண்டு வரும், இது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. நான் காந்தி சிலை அருகே செருப்பு வாரை மாட்டக் குனிந்து, கடலே கறுத்துப்போய், தடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உட்கார்ந்து மாட்டுங்கள். தலைகீழாக நிற்கும் ஆசனங்கள், பெரிய பளு தூக்குதல் இரண்டும் வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் அதற்கும் மருந்து கேளுங்கள், முக்கினால் அழுத்தம் ஏறும்.

நடையால் மட்டும் எடை குறையாது. அரை மணி நடந்துவிட்டு, நடந்த களைப்புக்கு இரண்டு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்.

9. தராசு நின்றுவிட்டால்

மூன்றாம் நான்காம் மாதத்தில் நிற்கும். உடம்பு சிறுத்ததால் அதன் தேவையும் சிறுத்திருக்கும். ஒரு வாரம் மறுபடி எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். என் கணக்கில் 200 கிராம் சோறு நான் அறியாமலே 270 ஆகியிருந்தது. எழுதியும் நகரவில்லை, எடையும் அதிகம் என்றால் மருந்தோ அறுவைசிகிச்சையோ உண்டா என்று டாக்டரிடம் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கிடையில் கண் சோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். எடை 6 கிலோ குறைந்தும் வீக்கம் அப்படியே இருந்தவரும் உண்டு, 3 கிலோவிலேயே வடிந்தவரும் உண்டு. பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கண் இருள்வது அடிக்கடி ஆவது: இவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

10. இரண்டாம் வருடம்

எடை திரும்பினால் அழுத்தமும் திரும்பலாம். சொந்தக்காரர்கள் ‘இளைச்சுப் போயிட்டியே’ என்று சொல்லத் தொடங்கும் காலமும் இதுதான்.

நான் வைத்திருக்கும் ஏற்பாடு: ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிடும் முன், ஒரே தராசு, ஒரே மாதிரி உடை. காலண்டரில் எண்ணை எழுதுவேன். 74க்கு மேல் போனால் சமையல் தராசு மறுபடி மேடைக்கு வரும், கண் டாக்டருக்கும் போன் போகும். போன தீபாவளி முடிந்த ஞாயிறு 75.2 காட்டியது. புதன்கிழமை சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள், வீக்கம் இல்லை. கார்த்திகை தீபத்துக்குள் 73.6. அந்த வருடம் பொரி உருண்டை மட்டும் இரண்டு சாப்பிட்டேன்.